மாநிலப் பல்கலைக்கழக நிதிக் குறைப்பு: மாணவர்கள் யாரிடம், எப்போது, என்ன கேட்க வேண்டும்?

வரலாற்றுமாணவி:

வணக்கம். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் சுமார் அறுபது பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். கௌரவ விரிவுரையாளர்களை இந்த செமஸ்டரில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆய்வு உதவித்தொகை பலருக்கு மாதக்கணக்கில் நிலுவை. நூலகத்தில் ஆய்விதழ் சந்தாக்கள் நின்றுவிட்டன. அடுத்த கல்வியாண்டில் தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் உயரும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது.

பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், "அரசு பிளாக் கிராண்டைக் (ஆண்டுக்கு மொத்தமாகத் தரும் மானியத்தை) குறைத்துவிட்டது, நாங்கள் என்ன செய்வது" என்கிறார்கள். உயர்கல்வித் துறையில் கேட்டால், "தணிக்கைத் தடைகளை (கணக்குத் தணிக்கையில் எழுந்த ஆட்சேபங்களை) நிவர்த்தி செய்யாதது பல்கலைக்கழகத்தின் குறை" என்று பதில் வருகிறது. இரண்டு பக்கமும் கை விரிக்கிறார்கள்.

கேள்விகள்: உண்மையில் பணம் எங்கே குறைந்தது என்று எந்த ஆவணத்தில் பார்ப்பது? மனுவை யாருக்குக் கொடுத்தால் பயன்? பட்ஜெட்டுக்கு எத்தனை மாதம் முன்பு தொடங்க வேண்டும்? போராட்டம் என்று வந்தால் மாணவர்கள் மேல் வழக்கு வராமல் எப்படி நடத்துவது? பொதுவான ஆறுதல் வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பேரேடு:

இரண்டு தரப்பும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அதனால்தான் எண்கள் கையில் இல்லாமல் போனால் உங்களைப் பந்தாடுவார்கள்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்பது. மாநில அரசு தரும் பிளாக் கிராண்ட் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் சம்பளத்தை ஒட்டியது. மீதியைப் பல்கலைக்கழகமே ஈட்ட வேண்டும்: இணைவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. இந்த மூன்றாவது ஊற்றுதான் பல இடங்களில் வற்றிப்போனது. பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2013-ல் கறாராகச் சொன்ன பிறகு, வெளிமாநில மையங்களை நம்பியிருந்த பல்கலைக்கழகங்களின் வருமானம் சரிந்தது. புதிய பல்கலைக்கழகங்கள் பிரிந்தபோது இணைவுக் கல்லூரிகளும் கைவிட்டுப் போயின. ஆனால் ஓய்வூதியப் பொறுப்பு மட்டும் பழைய பல்கலைக்கழகத்தின் தலையிலேயே நின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024-ல் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போனதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இப்போது ஆவணம். நிதித் துறையின் பட்ஜெட் இணையதளத்தில் மானியக் கோரிக்கை எண் 20, உயர்கல்வித் துறை என்ற புத்தகத்தை இறக்குங்கள். அதில் 2202-03-102 என்ற கணக்குத் தலைப்பைத் தேடுங்கள். பல்கலைக்கழகங்களுக்கான உதவி அதன்கீழ்தான் வரும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி வரி உண்டு. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் 2203-ல் பாருங்கள்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள் இருக்கும்: இரண்டு ஆண்டுக்கு முந்தைய கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. பத்திரிகையில் வருவது கடைசி எண். வெட்டு நடப்பது நடுவில். பட்ஜெட்டில் ஒரு தொகை அறிவித்து, திருத்த மதிப்பீட்டில் குறைத்து, கணக்கில் இன்னும் குறைவாக முடிந்திருக்கும். ஐந்து ஆண்டுப் புத்தகங்களை எடுத்து, ஒரே ஆண்டுக்கான மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒரு அட்டவணை இல்லாமல் எந்த அதிகாரியையும் பார்க்கப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "உயர்கல்விக்கு நிதி கூடியிருக்கிறது" என்று பதில் வரும். கோரிக்கை எண் 20-ன் மொத்தத் தொகை கூடியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். அதில் அரசுக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், கட்டடங்கள், உதவி பெறும் கல்லூரிகளின் சம்பளம் எல்லாம் அடக்கம். உங்கள் பல்கலைக்கழகத்தின் வரியை மட்டும் பேசுங்கள்.

இன்னொன்று, தொகை குறையாமலே வெட்டு விழும். அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதம், 2025 ஜனவரியில் 55 சதவீதம். உதாரணத்துக்கு, ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 60 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 5 சதவீதம் மட்டும் ஆண்டுக்கு 3 கோடி கூடுதல் செலவு. கிராண்ட் அதே தொகையில் நின்றால் அந்த 3 கோடி எங்கிருந்து வரும்? கௌரவ விரிவுரையாளர், நூலகம், ஆய்வகப் பொருள்கள், உதவித்தொகை, அதாவது சட்டப்படி கட்டாயம் இல்லாத செலவுகளிலிருந்துதான். உங்கள் துறையில் நடந்திருப்பது அநேகமாக இதுவே.

பேரேடு:

தொடர்ச்சி, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பற்றி. அதே கேள்விகளை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள்: பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, தலைமைச் செயலகம் உயர்கல்வித் துறைக்கு ஒன்று. இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் வாதமே இருக்கிறது. விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பலாம். இணையவழியும் உண்டு.

"ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டால் "விளக்கம் அளிக்க சட்டத்தில் இடமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் நகலைத்தான் கேட்க வேண்டும். இப்படி:

"2019-20 முதல் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் பிளாக் கிராண்டாக அரசிடம் கோரப்பட்ட தொகை, அரசாணையில் அனுமதிக்கப்பட்ட தொகை, பல்கலைக்கழகக் கணக்கில் வரவான தேதி, தொகை ஆகியவற்றைக் காட்டும் ஆவண நகல்கள்.

கிராண்டில் பிடித்தம் செய்யப்பட்டிருப்பின், அதற்கான அரசாணை அல்லது அரசுக் கடித நகல்.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கைகளில் நிலுவையிலுள்ள தடைகளின் எண்ணிக்கை, பண மதிப்பு, ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பப்பட்ட தேதி.

துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட, காலியான ஆசிரியர் பணியிடங்கள்.

கட்டண உயர்வு குறித்த சிண்டிகேட் (ஆட்சிக்குழு) கூட்ட நிகழ்ச்சி நிரல், அலுவலகக் குறிப்பு, தீர்மானம் ஆகியவற்றின் நகல்."

30 நாளில் பதில் இல்லையென்றால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "தகவல் தொகுக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் பிரிவு 2(ஜே)-யைச் சுட்டி, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். தனி நபர்களின் சம்பள விவரம் கேட்காதீர்கள். அதைக் காரணம் காட்டி மொத்த விண்ணப்பத்தையும் இழுத்தடிப்பார்கள். ஒரே விண்ணப்பத்தில் இருபது கேள்வி அடுக்குவதும் வேண்டாம்.

வரலாற்றுமாணவி:

மிக்க நன்றி சார். ஆய்வு உதவித்தொகை நிலுவையும் இதே கிராண்ட் சிக்கல்தானா? எங்கள் குழுவில் அதுதான் பெரிய கோபம்.

பொருநைக்கரை:

தோழர், அதை முதலில் பிரித்துப் பாருங்கள். எல்லா உதவித்தொகையையும் ஒரே கோரிக்கையில் போட்டால் முதல் கூட்டத்திலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யுஜிசி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்றால் பணம் மத்திய அரசுடையது; நேரடியாக மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையதளத்தில் உங்கள் பெயரை உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க என்று இரண்டு கட்டம். அந்த இரண்டாவது ஆள் விடுப்பில் போனாலோ, மாற்றலில் போய்ப் புதியவருக்குக் கடவுச்சொல் கொடுக்கப்படாமல் இருந்தாலோ, அந்த மாதப் பணம் நிற்கும். அது பதிவாளர் ஒரு கையெழுத்தில் தீர்க்கக்கூடியது. அரசுக்கு எதிராக முழக்கம் போட வேண்டியதே இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு தரும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உயர்கல்வித் துறையில் வராது. அது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை, கோரிக்கை எண் 4. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அங்கேதான். அதில் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40.

பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவித்தொகைதான் பேரேடு சொன்ன சிக்கலில் நேரடியாக அடிபடுவது. ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு, யாருக்கு எந்த உதவித்தொகை, எந்த மாதம் முதல் நிலுவை, எவ்வளவு என்று எல்லோரிடமும் கையெழுத்துடன் வாங்குங்கள். வங்கிப் பாஸ்புக் பக்கத்தின் நகல் கூட இருக்கட்டும். இதை முடித்தாலே பாதிப் பேருக்கு ஒரு மாதத்தில் பணம் வர வாய்ப்பு உண்டு. முதல் வெற்றி கிடைத்தால்தான் மீதிப் பேர் உங்களை நம்பி வருவார்கள்.

காலம் பற்றிக் கேட்டீர்கள். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்படும்போது கேட்பது தாமதம். துறைகள் தங்கள் தேவையை நிதித் துறைக்கு எழுதி அனுப்பும் வேலை செப்டம்பரில் தொடங்கி டிசம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் ஆர்டிஐ, செப்டம்பர் கடைசியில் அட்டவணையுடன் மனு, அக்டோபர், நவம்பரில் செயலரையும் அமைச்சரையும் சந்திப்பது, ஜனவரியில் எம்எல்ஏக்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த பட்ஜெட் செனட்டுக்கு (பேரவைக்கு) வருவது வழக்கமாக மார்ச் வாக்கில். அதற்கு மூன்று வாரம் முன்பே செனட் உறுப்பினர்களிடம் உங்கள் தாள் போய்ச் சேர வேண்டும்.

ஆண்டு நடுவில் பணம் வர வழி இல்லையா என்றால், உண்டு. துணை மதிப்பீடுகள். சட்டமன்றம் கூடும்போது கூடுதல் நிதி அதில்தான் வரும். தேர்தல் ஆண்டென்றால் இடைக்கால பட்ஜெட் ஒன்று, புதிய அரசின் திருத்த பட்ஜெட் ஒன்று. 2021-ல் அப்படித்தான் பிப்ரவரியில் ஒன்றும் ஆகஸ்டில் ஒன்றும் வந்தன. அந்த இடைவெளி மாணவர்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல காலம். அதைத் தவற விடாதீர்கள்.

எம்எல்ஏவிடம் "எங்களுக்காகப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவருக்கு என்ன வழி இருக்கிறதோ அதை எழுதிக் கையில் கொடுங்கள். சட்டமன்ற விதி 55-ன் கீழ் கவன ஈர்ப்பு, கேள்வி நேர வினா, உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம் (எதிர்ப்பைக் காட்ட ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோருவது). வினா என்றால் வாசகத்தையே நீங்கள் எழுதித் தர வேண்டும்: "இன்ன பல்கலைக்கழகத்துக்கு 2024-25-ல் பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, 31 மார்ச் வரை விடுவித்த தொகை எவ்வளவு, வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?" இதற்கு அமைச்சர் தரும் பதில் அவைக் குறிப்பில் பதிவாகும். பிறகு யாரும் மறுக்க முடியாது. உங்கள் தொகுதி எம்எல்ஏ ஆளுங்கட்சி என்றால் தயங்க வேண்டாம். அவர் அவையில் பேசாவிட்டாலும் அமைச்சரிடம் கடிதம் கொடுப்பார். சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் செனட்டில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. அவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து, அவர்களிடம் முதலில் போங்கள்.

சேப்பாக்கம்வாசி:

பேரேடு விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இதுதான் அரசை அசைக்கும் வாதம். 1961 வருமான வரிச் சட்டம் 10(23சி)(iiiஏபி) படி, அரசு நிதியில் கணிசமாக நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு வரி விலக்கு. கணிசம் என்றால் என்ன என்பதை விதி 2பிபிபி சொல்கிறது: அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மானியம் அதற்குக் கீழே இறங்கினால் இந்த விலக்கு போகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2024 தொடக்கத்தில் 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டது இந்த வழியில்தான்.

அதாவது மாநில அரசு சில கோடி மிச்சப்படுத்தப் போய், பல்கலைக்கழகம் அதைப்போலப் பல மடங்கு வரிக் கோரிக்கையில் மாட்டுகிறது. மாணவர்கள் கட்டிய தேர்வுக் கட்டணம் வரியாகப் போகலாமா? நிதித் துறைச் செயலருக்கு உணர்ச்சிகரமான மனுவைவிட இந்த ஒரு பத்தி சுருக்கென்று தைக்கும். ஆண்டுக் கணக்கறிக்கையிலிருந்து மொத்த வரவு, அரசு மானியம், சதவீதம் மூன்றையும் ஐந்தாண்டுக்குப் போடுங்கள். சதவீதம் 55, 53, 51 என்று இறங்கிக்கொண்டிருந்தால் அதுவே உங்கள் தலைப்புச் செய்தி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்களை மட்டும் சரிபார்த்து எழுதுங்கள்.

கல்லணை:

கட்டண உயர்வை ரத்து செய் என்பதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டாமா? எங்கள் பக்கம் மாணவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். கிராண்ட், திருத்த மதிப்பீடு என்று பேசினால் கூட்டம் கலைந்துவிடும். 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தை தாளுக்கு 150-லிருந்து 225 ரூபாயாக உயர்த்தியபோது எதிர்ப்பு கிளம்பி, உடனே நிறுத்தி வைத்தார்களே.

பொருநைக்கரை:

மாணவர்களைத் திரட்ட அதுதான் வாசல், ஒத்துக்கொள்கிறேன் தோழர். ஆனால் "நிறுத்தி வைப்பு" என்றால் ரத்து இல்லை. பணத்துக்கு வழி சொல்லாமல் உயர்வை மட்டும் நிறுத்தினால், அடுத்த செமஸ்டரில் அது வேறு பெயரில் வரும்: சான்றிதழ் கட்டணம், ஆய்வகக் கட்டணம், இணையதளக் கட்டணம். இல்லாவிட்டால் கௌரவ விரிவுரையாளர் இன்னும் நான்கு பேர் போவார்கள். அதனால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டுங்கள்: கட்டண உயர்வால் கிடைக்கும் என்று பல்கலைக்கழகம் கணக்கிட்ட தொகை இவ்வளவு, அதை அரசு இந்தத் தலைப்பில் ஈடு செய்ய வேண்டும். சிண்டிகேட் அலுவலகக் குறிப்பை ஆர்டிஐயில் கேட்கச் சொன்னது இதற்குத்தான். அந்தத் தொகை அதில் இருக்கும்.

இன்னொரு பொறி, ஏழை மாணவர்களுக்கு மட்டும் சலுகை என்ற அறிவிப்பு. 2019 நவம்பரில் டெல்லி ஜேஎன்யூவில் விடுதி ஒற்றை அறை வாடகையை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ஆக்கியபோதும், எதிர்ப்பு வலுத்ததும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சலுகை என்றுதான் முதலில் இறங்கி வந்தார்கள். சான்றிதழ் வாங்க முடியாத, ஆனால் கட்டணமும் கட்ட முடியாத மாணவர்கள்தான் நம் பல்கலைக்கழகங்களில் அதிகம். குழுவில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்து வையுங்கள், இல்லையென்றால் அறிவிப்பு வந்த அன்றே குழு இரண்டாக உடையும்.

குறிப்பான கோரிக்கை என்ன செய்யும் என்பதற்குச் சிதம்பரம் நல்ல உதாரணம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-ல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. ஆனாலும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கியபோது, அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் என்ற ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். 50 நாளுக்கு மேல் விடவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கட்டணமும் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு இணையாக 13,610 ரூபாயானது. எந்தத் துறையின் கீழ் இருக்கிறோம் என்பதுதான் பணத்தின் முடிச்சு என்று அவர்கள் சரியாகப் பிடித்தார்கள்.

வழக்காடு:

போராட்டம், வழக்கு பற்றி.

சென்னை போன்ற காவல் ஆணையரக நகரம் என்றால் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டம் பிரிவு 41. ஆர்ப்பாட்டத்துக்குக் குறைந்தது 5 நாள் முன்பு எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். மற்ற ஊர்களில் 1861 காவல் சட்டம் பிரிவு 30(2). விண்ணப்பத்தில் இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் இரண்டு பேரின் பெயர், தொலைபேசி எண். மறுத்தால் மறுப்பாணையை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "வேண்டாம்பா, பார்த்துக்கலாம்" என்றால் அதை வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

பலர் மாட்டுவது ஒலிபெருக்கியில். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த பல்கலைக்கழக வாயிலில் ஸ்பீக்கர் கட்டினால், வேறு எந்தக் காரணமும் இல்லாமலே வழக்குப் போட அது போதும். வாயிற்கூட்டத்தில் வெறும் குரலே போதும்; ஸ்பீக்கர் வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட வேறு இடத்தில்.

சாலை மறியல் வேண்டாம் என்பது என் கருத்து. தைரியக் குறைவால் சொல்லவில்லை. மறியல் என்றதும் சட்டவிரோதக் கூடல், வழி மறித்தல் என்று பாரதிய நியாய சன்ஹிதா 189(2), 126(2), 285 போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள், மாணவர்களும் அத்தோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருப்பது இரண்டு ஆண்டு கழித்து பாஸ்போர்ட் விசாரணையிலோ, டிஎன்பிஎஸ்சி பணி நியமனத்திலோதான் தெரியவரும். ஆகவே மண்டபத்திலிருந்து வெளியே வரும் முன், வழக்குப் பதிவானதா, குற்ற எண் என்ன என்று கேட்டு எழுதுங்கள். வழக்கு இருந்தால் வேலை விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும்.

வளாகத்துக்குள் என்றால் ஒழுங்கு நடவடிக்கை மெமோ வரும். கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், "கூட்டாகப் பேசிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். வகுப்புப் புறக்கணிப்பை நீட்டினால் 75 சதவீத வருகைப் பதிவில் அடி விழும்; அதில் முதலில் பாதிக்கப்படுவது வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற மாணவர்கள். மதிய உணவு இடைவேளையில் வாரம் ஒரு நாள் வாயிற்கூட்டம், மூன்று மாதம் விடாமல், என்றால் யாருக்கும் வருகைப் பதிவு போகாது, நிர்வாகத்துக்கும் அழுத்தம் குறையாது.

ஒன்று மறக்க வேண்டாம்: ஆசிரியர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கமும். மூட்டா, ஏயுடி போன்றவை பல ஆண்டு அரசாணைகளைக் கோப்பாக வைத்திருப்பவை. ஓய்வூதியர்களில் நிதிப் பிரிவில் வேலை பார்த்துப் போனவர்கள் இருப்பார்கள்; ஆர்டிஐயில் மூன்று மாதம் காத்திருக்கும் தாள் அவர்கள் பையில் இருக்கலாம்.

வரலாற்றுமாணவி:

மனுவின் முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள்:

"ஏழை எளிய மாணவர்களின் கல்விக் கனவைச் சிதைக்கும் வகையில் பல்கலைக்கழகத்துக்கான நிதி தொடர்ந்து குறைக்கப்பட்டு வருவதால், உரிய நிதியை உடனடியாக ஒதுக்கி உயர்கல்வியைக் காக்குமாறு தங்களை மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

பேரேடு:

இந்த மனு "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற முத்திரையோடு உங்கள் பதிவாளருக்கே திரும்பி வரும். முதல்வரின் முகவரி தளத்தில் போட்டாலும் அதே கதி. நடவடிக்கை எடுக்கும்படி எந்த எண்ணும் அதில் இல்லை. நீங்கள் சொல்லும் கனவு உண்மையானது. அதைச் சந்திப்பில் நேரில் சொல்லுங்கள். தாளில் இப்படி எழுதுங்கள், கோடிட்ட இடங்களை ஆர்டிஐ பதிலிலிருந்து நிரப்பி:

"கோரிக்கை எண் 20, தலைப்பு 2202-03-102-ன் கீழ் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ____ ஆண்டில் ____ கோடி ஒதுக்கப்பட்டு, ____ கோடி மட்டும் விடுவிக்கப்பட்டது. மீதி ____ கோடி, ____ தேதியிட்ட அரசுக் கடிதத்தின்படி தணிக்கைத் தடைகளுக்காகப் பிடித்தம் செய்யப்பட்டது. அத்தடைகளில் ____ எண்ணிக்கைக்குப் பல்கலைக்கழகம் பதில் அனுப்பிவிட்டது. ஆகவே, பதில் அனுப்பப்பட்ட தடைகளுக்கு ஈடான தொகையை அடுத்த துணை மதிப்பீட்டில் விடுவிக்கவும், மீதித் தடைகளைத் தீர்க்க உயர்கல்வித் துறை, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்த கூட்டமர்வை ____ தேதிக்குள் நடத்தவும் வேண்டுகிறோம்."

கூட்டமர்வு என்று போட்டது காரணமாகத்தான். தணிக்கைத் தடைகளில் பெரும்பகுதி பழைய விஷயங்கள்: அனுமதி பெறாமல் நிரப்பிய பணியிடம், முன்பணம் சரிக்கட்டாதது, பயன்பாட்டுச் சான்றிதழ் (யூ.சி.) அனுப்பாதது. யூ.சி. போகாதது என்றால் ஒரு கணக்கர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடியும். அனுமதியில்லாத நியமனம் என்றால் அரசு பின்னேற்பு (பிறகு தரும் ஒப்புதல்) தர வேண்டும் அல்லது பணத்தை வசூலிக்க வேண்டும். அதைப் பல்கலைக்கழகத்தால் தனியாகத் தீர்க்க முடியாது. நிர்வாகத்தின் தவறுக்காக மாணவர்களின் நூலகத்தை மூடுவதில் எந்த நியாயமும் இல்லை என்பதை அந்த இடத்தில் உறுதியாகச் சொல்லுங்கள்.

துணைவேந்தர் பதவி காலியாக இருந்து கன்வீனர் கமிட்டி நடத்துகிறது என்றால், அதன் தலைவர் அரசுச் செயலரா, வேறு யாரா என்று பார்த்து முகவரி போடுங்கள். செயலரே தலைவர் என்றால் பல்கலைக்கழகத்துக்காகப் பணம் கேட்க வேண்டியவரும் அரசின் சார்பில் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே. கை விரிக்க அவருக்கு வழி இல்லை.

பொருநைக்கரை:

மனுவைக் கொடுத்த அன்றே இரண்டாவது படியில் தேதி முத்திரை வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்து அதே தபால் பிரிவில் போய், எந்தப் பிரிவுக்குப் போனது, கோப்பு எண் என்ன என்று கேளுங்கள். கோப்பு எண் கிடைத்தால் அடுத்த ஆர்டிஐ ஒரே வரிதான்: "இந்த எண்ணுள்ள கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்." எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதில் தேதியோடு தெரியும்.